தொண்டு நிதிக்கான கேக் விற்பனைக்கு வீட்டில் எதைச் செய்வது, எப்படித் தயாரிப்பது?

சென்னையில் உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில், ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில், மாலை 4 மணி முதல் 8 மணி வரை, அருகிலுள்ள சிறப்புப் பள்ளிக்குச் சக்கர நாற்காலிகள் வாங்கித் தருவதற்காக வீட்டுக் கேக்குகளை விற்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். செய்பவர்கள் ஆறு பேர். அவர்களில் மூவர் வீட்டில் 28 லிட்டர் ஓடிஜி என்னும் சிறு மின்சார ஓவன் இருக்கிறது. 150 பேர் வரை வரக்கூடும். க்ரீம் வைத்த கப் கேக்குகளும் இரண்டடுக்குச் சாக்லேட் கேக்கும் செய்தால் நன்றாக விற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி அந்த இரண்டு பண்டங்களைப் பற்றியதாகத் தெரிந்தாலும், அதற்குள் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். வீட்டுச் சமையலறையில் அழகாக வருகிற ஒரு பண்டம், புழுக்கமான திறந்தவெளியில் நான்கு மணி நேரம் இருந்து, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குப் போய், அவர் குழந்தை அதைச் சாப்பிடும்வரை நல்லபடியாக இருக்குமா என்பதே அது. அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் உணவக மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் பேக்கரிப் படிப்பை முடித்துவிட்டு, ஒன்பது ஆண்டுகள் பேக்கரிகளில் வேலை பார்த்தேன். அதன்பின் பதினாறு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்து வருகிறேன். எங்கள் தேவாலயத்தின் அறுப்பின் பண்டிகை விற்பனைக்கும், இரண்டு பள்ளிகளின் நிதி திரட்டும் விழாக்களுக்கும் பலமுறை கேக் மேசையைப் பொறுப்பேற்று நடத்தியிருக்கிறேன். ஆகவே வெப்பம், ஈரம், கெட்டுப்போதல், ஓவனின் கொள்ளளவு ஆகியவற்றைப் பற்றி நான் சொல்பவற்றை உறுதியானவையாக எடுத்துக்கொள்ளலாம். எது எவ்வளவு விற்கும், என்ன விலை வைக்கலாம் என்பவை மட்டும் என் அனுபவத்திலிருந்து வரும் ஊகங்கள்; உங்கள் குடியிருப்பில் அவை மாறக்கூடும்.

முதலில் க்ரீம். வேண்டாம் என்பதே என் பதில், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகத் தொடங்கிவிடும்; ஆகஸ்டில் சென்னையின் பகல் வெப்பம் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கிறது, மாலையில் கடற்காற்று வந்தாலும் மேசையைச் சுற்றி ஆட்கள் நிற்கும்போது வெப்பம் அதிகம் இறங்குவதில்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்துச் செய்த ஐசிங் அந்த வெப்பத்தில் முதலில் பளபளக்கும், பிறகு சரியும். பால் க்ரீமின் நிலை இதைவிடக் கவலைக்குரியது, ஏனென்றால் அங்கே கெடுவது அழகு மட்டுமல்ல. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பால், க்ரீம், முட்டை மிகுந்த ஈரமான பண்டங்களை அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும், 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வைக்கக் கூடாது என்பதே உணவுப் பாதுகாப்பில் கற்றுத்தரப்படும் அளவு. உங்கள் விற்பனை நான்கு மணி நேரம் நடக்கிறது. வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு பத்து மணிக்குச் சாப்பிடலாம், மறுநாள் காலை வரையும் வைத்திருக்கலாம். கடையில் கிடைக்கும் தாவரக் கொழுப்பு க்ரீம் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் அதுவும் குளிர்ப்பெட்டிக்காகச் செய்யப்பட்ட பொருள். இதே காரணத்துக்காக சீஸ் கேக், மூஸ், கஸ்டர்டு நிரப்பிய பண்டங்கள், பச்சை முட்டை சேர்த்துச் சுடாமல் செய்பவை ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டடுக்குச் சாக்லேட் கேக்குக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: அதைத் துண்டு போட்டு விற்கும்போது முதல் நான்கு துண்டுகள் மட்டுமே படத்தில் இருப்பதுபோல் இருக்கும், மீதியை வாங்க ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள்.

பின் எதைச் செய்வது என்றால், ஈரம் குறைவானதும், சர்க்கரையும் கொழுப்பும் தம் பங்குக்குப் பாதுகாக்கக்கூடியதும், தட்டும் கரண்டியும் இல்லாமல் கையில் எடுத்துச் சாப்பிடக்கூடியதுமான பண்டங்களையே தேர்ந்தெடுங்கள். மேலே ஒன்றும் பூசாத பட்டர் கேக், மார்பிள் கேக், டூட்டி ஃப்ரூட்டி கேக், கோகோ சேர்த்த சாதாரணச் சாக்லேட் கேக், ரவை கேக் ஆகியவை முதல்நாள் செய்தாலும் மறுநாள் மாலை வரை நன்றாகவே இருக்கும். பிஸ்கட்டுகள் இன்னும் பத்திரமானவை. ரவையும் முந்திரியும் முட்டை மஞ்சள் கருவும் சேரும் இலங்கை லவ் கேக்கைச் செய்யத் தெரிந்தவர் உங்கள் ஆறு பேரில் இருந்தால் அவரிடம் அதையே கேளுங்கள்; நாள் ஆக ஆகச் சுவை கூடும் கேக் அது, சிறு துண்டே போதும் என்பதால் முந்திரியின் விலையும் சமாளிக்கக்கூடியதாகிவிடும். வாழைப்பழக் கேக் பலருக்கும் பிடித்தது, நன்றாகக் கனிந்த ரோபஸ்டாவைப் பயன்படுத்தினால் மணமும் நிறைவாக இருக்கும். ஆனால் அதில் ஈரம் அதிகம், சென்னைப் புழுக்கத்தில் இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும், ஆகவே செய்தால் விற்பனைக்கு முந்தைய இரவுதான் செய்ய வேண்டும். தேங்காய் பன்னை நான் சேர்க்க மாட்டேன். பன் வகைகள் சுட்ட அன்றே விற்க வேண்டியவை, குளிர்ப்பெட்டியில் வைத்தால் வெளியே வைப்பதைவிட வேகமாக உலர்ந்து கெட்டியாகிவிடுபவை, உள்ளே வைக்கும் தேங்காயும் விரைவில் சிக்குவாடை அடிக்கும். தூத்துக்குடி மக்ரூன் போன்ற முட்டை வெள்ளைக் கரு இனிப்புகளுக்குக் காற்றின் ஈரமே பகை. மழை மேகம் சூழ்ந்த ஒரு மாலை போதும், மொறுமொறுப்பெல்லாம் போய்ப் பிசுபிசுத்துவிடும்.

இனிப்போடு காரமும் ஒன்று இருக்கட்டும். இது உறுதியென்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் நின்ற ஒவ்வொரு மேசையிலும் மசாலா பிஸ்கட்தான் முதலில் தீர்ந்தது. எல்லோரும் கேக் கொண்டுவரும் இடத்தில், இரண்டு துண்டு இனிப்பு சாப்பிட்ட பெரியவர்களின் கண் காரத்தைத் தேடுகிறது என்று நினைக்கிறேன். இனிப்பு அதிகம் பிடிக்காதவர்களுக்கும் வாங்க ஒன்று கிடைக்கிறது. மைதா 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, ஒரு தேக்கரண்டி உப்பு, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, சேர்த்துப் பிசைய இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிர். கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் கழுவியபின் துணியில் ஒற்றி முழுதாக உலர்த்திய பிறகே நறுக்க வேண்டும். அந்தச் சிறு ஈரம்தான் மறுநாள் பிஸ்கட்டை நமுக்க வைக்கிறது. 170 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம், ஓரம் மட்டுமல்லாமல் நடுவும் பொன்னிறமாகும்வரை சுடுங்கள். வெண்ணெயில் ஏற்கனவே உப்பு இருந்தால் தனியாகச் சேர்க்கும் உப்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். நெய் பிஸ்கட்டுக்கு மைதா 150 கிராம், கடலை மாவு 30 கிராம், ரவை 20 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், உறைந்த நெய் 120 கிராம், ஏலப்பொடி. உருக்கிய நெய்யை ஊற்றினால் பிஸ்கட் தட்டில் பரவிவிடும் என்பதால், நெய் உறைந்த பதத்தில் இருக்க வேண்டும். சென்னையில் அதற்குக் குளிர்ப்பெட்டியில் சிறிது நேரம் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். இந்த அளவில் இரண்டு டஜன் வரும். 160 டிகிரி போதும். நெய் பிஸ்கட் சிவக்கக் கூடாது.

முட்டையைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, உங்கள் விற்பனையின் போக்கைத் தீர்மானிக்கப்போவதோ பெரும்பாலும் அதுதான். தேர்ந்தெடுத்திருக்கும் நாள் சனிக்கிழமை. மற்ற நாளில் முட்டை சாப்பிடும் வீடுகளிலும் சனிக்கிழமை சாப்பிடாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். மேசைக்கு வருபவர் முதலில் கேட்பது "முட்டை போட்டதா?" என்பதாகத்தான் இருக்கும். எனவே பத்து டின் கேக் செய்தால் ஆறு முட்டையில்லாதவையாக இருக்கட்டும். முட்டையில்லாத கேக்குக்கு நம்பகமான அளவு இது: புளிக்காத தயிர் 250 கிராமில் 150 கிராம் சர்க்கரையைக் கரைத்து, அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். அது நுரைத்து எழுந்தபின் 120 மில்லி வாசனையில்லாத எண்ணெய், வெனிலா, இரண்டு முறை சலித்த 190 கிராம் மைதா ஆகியவற்றைச் சேர்த்து, கட்டி கரைந்த உடன் கலக்குவதை நிறுத்திவிட வேண்டும். ஏழு அங்குல டின்னில் 175 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் ஆகும். சோடா நுரைத்தபின் காத்திருக்காது என்பதால், ஓவன் சூடாகி நிற்கும்போதுதான் கலவையைத் தொடங்க வேண்டும்.

முட்டை சேர்த்ததையும் சேர்க்காததையும் மேசையில் பிரித்து வைப்பது மட்டும் போதாது. ஒரே முட்டையடிக்கும் கருவி, ஒரே கிண்ணம், ஒரே கத்தி இரண்டுக்கும் புழங்கினால், முட்டையே தொடாத ஒருவரிடம் நீங்கள் "முட்டை இல்லை" என்று சொல்வது உண்மையாகாது. மூன்று ஓவன்களில் ஒன்றை முட்டைக் கேக்குகளுக்கு மட்டும் ஒதுக்கி, மற்ற இரண்டு வீடுகளிலும் கேக்கும் பிஸ்கட்டும் செய்யும் நாட்களில் முட்டையே உடைக்காமல் இருப்பதுதான் எளிய வழி. பொட்டலத்தில் கடைக்காரர்கள் இடுவதுபோல், சைவத்துக்குப் பச்சை வட்டமும், முட்டை சேர்த்ததற்குப் பழுப்பு முக்கோணமும் இடலாம்; நம் நாட்டு உணவு விதிகளில் முட்டை அசைவக் குறியீட்டின் கீழ்தான் வருகிறது. அதோடு கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா இவற்றில் எது சேர்ந்திருக்கிறதோ அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு தட்டின் முன்னும் வையுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தைக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும். குளூட்டன் என்பது கோதுமையில் இருக்கும் புரதம்; "குளூட்டன் இல்லாதது" என்று எதையும் எழுதாதீர்கள். மைதா பறக்கும் வீட்டுச் சமையலறையிலிருந்து அப்படி ஓர் உறுதியைத் தர முடியாது. நாட்டுச்சர்க்கரையும் கோதுமை மாவும் போட்டுச் செய்த கேக்கைச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது என்று விற்பதும் தவறு, அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியதே.

அளவைப் பற்றி. 150 பேர் என்பது ஏறக்குறைய 50 குடும்பங்கள். ஒரு குடும்பம் இரண்டு மூன்று துண்டு கேக்கும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் வாங்கும் என்ற கணக்கில்தான் நான் திட்டமிடுவேன். இது ஊகம் என்பதால் எப்போதும் குறைவான பக்கமே நிற்பேன். பட்டர் கேக்குக்கு மைதா, சர்க்கரை, வெண்ணெய், ஓடு நீக்கிய முட்டை நான்கும் 200 கிராம் வீதம் எடுத்து, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்து ஏழு அங்குலச் சதுர டின்னில் சுட்டால், 60 கிராம் எடையில் 12 துண்டுகள் கிடைக்கும். பத்து டின் என்றால் 120 துண்டு. பிஸ்கட்டில் 240 செய்து ஆறு ஆறாகக் கட்டினால் 40 பொட்டலம். இனி ஓவன் நேரத்தைப் பார்க்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். 28 லிட்டர் ஓடிஜியில் ஒரு நேரத்தில் ஒரு கேக் டின்னைத்தான் நிம்மதியாக வைக்க முடியும். டின் ஒன்றுக்கு 45 நிமிடம் என்றால் பத்து டின்னுக்கு ஏழரை மணி நேரம். மூன்று வீடுகளில் பிரித்தால், நான்கு டின் வேகும் வீட்டில் மூன்று மணி நேரமும், மூன்று டின் வேகும் வீடுகளில் இரண்டேகால் மணி நேரமும் ஆகும்; இடைவேளைகள் தனி. பிஸ்கட் தட்டு ஒன்றில் 12 வீதம் 20 தட்டு, தட்டுக்கு 20 நிமிடம். அளவை இரட்டிப்பாக்கி ஒரே கலவையாகச் செய்துகொள்ளலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். முதல் டின் வேகும்போது இரண்டாவது டின்னுக்கான கலவை வெளியே காத்திருந்து, அதற்குள் எழுந்த காற்றை இழந்து, அடியில் களியாக அமர்ந்துவிடும்.

ஓவனின் திருகில் எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். வீட்டு ஓடிஜிகளில் 20 டிகிரி வரை முன்பின் இருப்பது சாதாரணம். உள்ளே வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கி மூன்று வீடுகளிலும் சுற்றுக்கு விடுங்கள். இல்லையென்றால் மூன்று வீட்டுக் கேக்கும் மூன்று நிறத்தில் வந்து நிற்கும். ஓடிஜி 1500 வாட் அல்லது அதற்கு மேலும் மின்சாரம் இழுக்கும் என்பதால் அதைப் பெரிய பிளக்கில் மட்டுமே போட வேண்டும், அதே இணைப்பில் கீசரையோ இஸ்திரிப் பெட்டியையோ சேர்க்கக் கூடாது. உங்கள் பகுதியில் மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை எந்த நாளில் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கேக் பாதி எழுந்த நேரத்தில் மின்சாரம் போனால் அதைக் காப்பாற்ற வழியே இல்லை. பழைய பேக்கிங் பவுடரை ஒரு சிட்டிகை எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள், பொங்கி நுரைக்கவில்லை என்றால் புதிதாக வாங்கிவிடுங்கள். நம் ஊர்ச் சமையலறையில் வெண்ணெயைக் காலையிலேயே வெளியே எடுத்து வைத்துவிடுவதும் ஒரு பிழை. வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்க வெண்ணெய் 20 டிகிரி அளவில், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும்படியாக, ஆனால் பளபளப்பு ஏறாமல் இருக்க வேண்டும். சிறு துண்டுகளாக வெட்டி வைத்தால் சென்னையில் அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடமே போதும்.

எப்போது செய்வது என்பதற்கு என் வழக்கம் இது. புதன், வியாழனில் பிஸ்கட்டுகள். வெள்ளி மாலை கேக்குகள். சனிக்கிழமை காலை துண்டு போடுவதும் பொதிவதும் மட்டும். பட்டர் கேக்கை அன்றே வெட்டினால் உதிரும், ஓர் இரவு இருந்தால் கத்தி ஓரம் சுத்தமாக விழும், சுவையும் கூடியிருக்கும். ரொட்டிக் கத்தியால், ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத் துணியில் துடைத்து, அளவுகோல் வைத்து வெட்டுங்கள். ஒரே விலைக்கு ஒருவருக்குப் பெரிய துண்டும் இன்னொருவருக்குச் சிறிய துண்டும் போவது நியாயமில்லை.

கேக் முழுதாக ஆறும்முன் மூடக் கூடாது என்பதை நான் வருத்தத்தோடுதான் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விழாவுக்காக இரவு இரண்டு மணி வரை வாழைப்பழக் கேக் சுட்டேன். அசதியில், கை பொறுக்கும் சூடுதான் என்று நினைத்து, கடைசி நான்கு கேக்குகளை மூடியுள்ள டப்பாவில் வைத்து அடைத்துவிட்டேன். உள்ளே கசிந்த ஆவி மூடியில் நீராகப் படிந்து கேக்கின் மேல் சொட்டியிருக்கிறது. விற்பனையன்று பார்த்தபோது கேக் நன்றாக இருப்பதாகவே தெரிந்தது. வாங்கிப் போன ஒரு தாய் மறுநாள் மாலை அழைத்து, கீழ்ப்பக்கத்தில் பச்சையாகப் பூத்திருக்கிறது என்று சொன்னார். அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல காரியத்துக்குத்தானே என்றார். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது, ஏனென்றால் நல்ல காரியம் என்பதாலேயே மக்கள் நம்மிடம் சோதித்துப் பார்க்காமல் வாங்குகிறார்கள். அதன்பின் கம்பித் தட்டில் குறைந்தது மூன்று மணி நேரம், அடியைத் தொட்டால் குளிர்ச்சி தெரியும்வரை ஆறவிட்ட பிறகே எதையும் மூடுகிறேன். எறும்புக்காக அந்தக் கம்பித் தட்டின் கீழ் அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பேன்.

அதே நம்பிக்கைக்காகத்தான் மற்ற ஒழுங்குகளும். இரண்டு நாட்களுக்குள் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தவர் அந்த முறை செய்ய வேண்டாம், அவர் மேசையில் கணக்கு எழுதட்டும். மோதிரம், வளையலைக் கழற்றி, தலைமுடியைக் கட்டி, முட்டை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வேலை செய்யுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேருங்கள். கடைசி முட்டை அழுகியிருந்தால் ஒரு டின் பொருளும் வீணாகும். செய்தித்தாளில் எதையும் பொதியாதீர்கள், அச்சு மை உணவில் ஏறும் என்பதால் உணவுப் பொதிவுக்கு அது தடை செய்யப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, பை போன்றவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால், கேக் துண்டுகளைப் பட்டர் பேப்பரில் மடித்து அட்டைப் பெட்டியில் அடுக்குவதுதான் சரியான வழி. பிஸ்கட்டுக்குக் காகித உறை மட்டும் போதாது, ஈரக்காற்றில் ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும். மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு அப்போதைக்கப்போது ஆறு எண்ணிக் காகித உறையில் போட்டுக் கொடுங்கள். எடுக்க இடுக்கி வேண்டும். பணம் வாங்குபவர் உணவைத் தொடக் கூடாது. ஆகஸ்ட் மாலைகளில் இடியோடு மழை வருவது சென்னையில் வழக்கம்தான், ஆகவே முற்றத்தைவிட வாகன நிறுத்தத் தளத்தின் கூரைக்கடியில் மேசை போட முடியுமா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசைக்குக் கொண்டுவராமல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பெட்டியாகக் கீழே இறக்குங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் உள்ள பதிவு விதிகள், தற்காலிகக் கடை வைப்பவர்களையும் சமூக நிகழ்ச்சிகளில் உணவு வழங்குபவர்களையும் சிறு உணவு வணிகர் என்னும் பிரிவில் சேர்த்தே பேசுகின்றன. தொண்டுக்காக என்பதால் தாமாகவே விலக்கு கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். நான் சட்டம் படித்தவள் அல்ல. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுவதும், உங்களில் ஒருவராவது பதிவு பெற்றிருப்பதும் நல்லது என்பதே என் ஆலோசனை.

விலை விஷயத்தில் நான் உறுதியாகப் பேச மாட்டேன். கேக் துண்டு 30 ரூபாய், ஆறு பிஸ்கட் 50 ரூபாய் என்பது பலருக்கும் எளிதில் கைவரும் தொகையாகத் தோன்றுகிறது. சில்லறைச் சிக்கலும் வராது, கைப்பேசியில் பணம் அனுப்புபவர்களுக்கும் வசதி. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 120 துண்டும் 40 பொட்டலமும் முழுதாக விற்றாலும் 5,600 ரூபாய்தான், வெண்ணெயும் முந்திரியும் யார் செலவு என்பது தனி. ஒரு சக்கர நாற்காலிக்கே அதில் பெரும்பகுதி போய்விடலாம். ஆகவே மேசை விற்பனையோடு முன்பதிவையும் சேருங்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், அரைக் கிலோ மார்பிள் கேக்கும் முட்டையில்லாத டூட்டி ஃப்ரூட்டி கேக்கும் ஆர்டருக்குக் கிடைக்கும் என்று அறிவித்து, பணத்தை முன்னதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை கேக் என்பது அப்போது துல்லியமாகத் தெரியும், வீணாகாது, மழை வந்தாலும் அந்தப் பணம் நிற்கும். எங்கள் கடைசி மூன்று விற்பனைகளில் மேசையைவிட முன்பதிவில்தான் அதிகம் சேர்ந்தது. மேசையில் ஒரு நன்கொடைப் பெட்டியும் இருக்கட்டும். கேக் வேண்டாம், பணம் மட்டும் தருகிறேன் என்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பொருள்களை ஆறு பேரும் இலவசமாகத் தந்தாலும் அவற்றின் விலையை எழுதி வைத்து, வந்த தொகை, செலவு, பள்ளியிடம் ஒப்படைத்த தொகை மூன்றையும் மறுவாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு மேசை போடும்போது வாங்குபவர்கள் அதை நினைவு வைத்திருப்பார்கள்.

எட்டு மணிக்கு மிஞ்சுவதைப் பற்றியும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். ஏழரைக்கு மேல் விலையைக் குறைத்து விற்பதில் தவறில்லை. மிஞ்சிய கேக்கை அப்படியே அந்தச் சிறப்புப் பள்ளிக்குக் கொடுத்துவிடலாம் என்று நல்ல மனத்தோடு நினைப்பீர்கள். பள்ளியைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம். அங்குள்ள குழந்தைகளில் சிலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும், உலர்ந்த கேக் துகளும் பிஸ்கட்டும் அவர்கள் தொண்டையில் சிக்கிக்கொள்ளும், எந்தக் குழந்தைக்கு என்ன பதத்தில் உணவு தர வேண்டும் என்பது ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்தான் தெரியும். எண்ணிக்கையைச் சொல்லித் தலைமையாசிரியரிடம் முதல்நாளே கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால், காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் அன்றிரவே பிரித்துக் கொடுத்துவிடுங்கள், கேக்கை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.